கைஃபெங் யூதர்களின் சமய, பண்பாட்டு உரிமைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

சீன மக்கள் குடியரசின் அரசுக்கும், ஹெனான் மாகாண அரசுக்கும், கைஃபெங் நகர நிர்வாகத்துக்கும், கைஃபெங் யூதர்களின் நூல்களையும் பொருள்களையும் வைத்திருக்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும், இஸ்ரேல் அரசுக்கும் உலக யூத அமைப்புகளுக்கும், இந்திய அரசுக்கும் ஐக்கிய நாடுகள் அவைக்கும், தமிழ் வாசகர்களுக்கும்.

முகவுரை

மஞ்சள் ஆற்றின் தென்கரைக்கு அருகில் உள்ள கைஃபெங் நகரில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக யூதர்கள் வாழ்ந்து வருகிறார்கள். அந்த வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வோர் இன்று ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். கூடி வழிபடவும் எபிரேயம் கற்கவும் பண்டிகை கொண்டாடவும் முன்வந்தவர்கள் அவர்களில் நூறு பேர் அளவில்தான். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இந்த எண்ணிக்கை கண்ணில் படாமலே போய்விடும். அதனாலேயே இந்தச் சாசனம் எழுதப்படுகிறது. உரிமை என்பது தலைகளை எண்ணிக் கொடுக்கப்படுவதல்ல. ஒரு அரசு தன் குடிமக்களை எப்படி மதிக்கிறது என்பது, வாக்கும் வலிமையும் இல்லாத சின்னஞ்சிறு கூட்டத்தை அது எப்படி நடத்துகிறது என்பதில்தான் தெரியும்.

இந்தச் சாசனத்தில் கையொப்பமிடும் தமிழ் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் வாசகர்களுமான நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. சீனாவின் பேரரசர் ஒருவர் கொடுத்ததாகக் கைஃபெங் கல்வெட்டு சொல்லும் வாக்கையும், சீனாவின் இன்றைய அரசியல் சட்டம் எழுதி வைத்திருக்கும் உறுதியையும் நடைமுறைப்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

1. கல்லில் இருக்கும் வாக்கு

சோங் பேரரசின் தலைநகராகக் கைஃபெங் விளங்கிய காலத்தில், பருத்தித் துணிகளைக் காணிக்கையாகக் கொண்டு யூதர்கள் அங்கு வந்தார்கள் என்று 1489ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. காணிக்கையைப் பெற்றுக்கொண்ட பேரரசர், நம் நாட்டுக்கு வந்துவிட்ட நீங்கள் உங்கள் முன்னோரின் வழக்கங்களைப் போற்றிக் காத்து இந்த ஊரிலேயே வழிவழியாகக் கையளித்து வாருங்கள் என்று ஆணையிட்டார் என்பது அக்கல்வெட்டின் செய்தி. முதல் ஜெப ஆலயம் 1163இல் எழுந்தது என்பதையும் அதே கல் பதிவு செய்திருக்கிறது.

அந்தக் கல்வெட்டு சீன மொழியில் உள்ளது. ஆபிரகாமையும் மோசேயையும் எஸ்றாவையும் சீன எழுத்தில் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. வானத்தை வணங்குவது, முன்னோரை மதிப்பது, பெற்றோரைப் பேணுவது, அரசுக்கு உண்மையாக இருப்பது ஆகியவற்றில் தங்கள் சமயமும் கன்ஃபூசியஸ் நெறியும் ஒன்றுபடுகின்றன என்று அதை நட்டவர்கள் எழுதி வைத்தார்கள். 1512இல் அதே கல்லின் பின்புறத்தில் மற்றொரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. 1663இலும் 1679இலும் மேலும் இரண்டு கற்கள் நடப்பட்டன.

1642இல் கைஃபெங் முற்றுகையிடப்பட்டிருந்தபோது மஞ்சள் ஆற்றின் கரை உடைக்கப்பட்டது. நகரமே நீரில் மூழ்கியது. மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். ஜெப ஆலயமும் அழிந்தது. உயிர் தப்பியவர்கள் வெள்ளத்தில் கிடந்த, யூத வேதமான தோராவின் சுருள்களைத் தேடி எடுத்தார்கள். ஊறிப்போன தோல் துண்டுகளை உலர்த்தி, கிழிந்தவற்றை ஒட்டித் தைத்து, எழுத்து அழிந்த இடங்களைத் திரும்ப எழுதி, பதின்மூன்று சுருள்களை மீண்டும் உருவாக்கினார்கள். சீன அரசுத் தேர்வின் உச்சப் பட்டத்தை 1646இல் பெற்று அதிகாரியாக உயர்ந்த ஜாவ் யிங்செங் ஆலயத்தை மறுபடி கட்ட முன்னின்றார். அவருக்கு எபிரேயப் பெயரும் உண்டு. பேரரசின் அதிகாரியாகவும் தோராவைக் காத்தவராகவும் ஒருவரே இருக்க முடிந்தது. அன்றைய சீனாவுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

அன்றாட வாழ்விலும் அவர்கள் தங்கள் நெறியை விடவில்லை. பன்றி இறைச்சியை ஒதுக்கினார்கள். ஆட்டுத் தொடையின் நரம்பை நீக்கிய பிறகே சமைத்தார்கள். ஊரார் அந்தப் பழக்கத்தை வைத்தே அவர்களை நரம்பு நீக்கும் சமயத்தார் என்று அழைத்தார்கள். அண்டை வீட்டு ஹுய் முஸ்லிம்களிடமிருந்து பிரித்துச் சொல்ல நீலத் தொப்பிக்காரர்கள் என்றும் அழைத்தார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் எபிரேய யூனியன் கல்லூரி நூலகத்தில் இருக்கும் நினைவேடு ஒன்றில், இறந்த கைஃபெங் யூதர்களின் பெயர்கள் எபிரேய எழுத்திலும் சீன எழுத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களின் சமய ஆசானான கடைசி ரபி இறந்தார். எபிரேயம் படிக்கத் தெரிந்தவர் எவரும் மிஞ்சவில்லை. வறுமை வாட்டியது. 1851இல் லண்டனிலிருந்து இயங்கிய கிறித்தவ மிஷன் ஒன்றின் தூதர்கள் ஆறு தோரா சுருள்களையும் பல கையெழுத்து நூல்களையும் விலை கொடுத்து வாங்கிச் சென்றார்கள். அதே நூற்றாண்டில் ஆலயமும் இல்லாமல் போனது. ஆனால் ஜாவ், லி, ஐ, ஜாங், காவ், ஜின், ஷி என்னும் குடும்பங்கள் அதே ஊரில் இருந்தன. தாங்கள் யார் என்பதைத் தந்தை மகனுக்கும் பாட்டி பேரனுக்கும் சொல்லி வந்தார்கள்.

2. மக்கள் குடியரசில் நேர்ந்தது

1952ஆம் ஆண்டின் தேசிய நாள் கொண்டாட்டத்துக்குப் பெய்ஜிங் அழைத்த சிறுபான்மையினரில் கைஃபெங் யூதர் இருவரும் இருந்தார்கள். புதிய அரசு தங்களைத் தனி இனமாக ஏற்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. மறு ஆண்டே அது பொய்த்தது. 1953 ஜூன் மாதம் கம்யூனிஸ்ட் கட்சியின் ஐக்கிய முன்னணிப் பணித்துறை, கைஃபெங் யூதர்களைத் தனி இனமாகக் கொள்ளத் தேவையில்லை, பெரும்பான்மையினரான ஹான் மக்களில் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்று முடிவு சொன்னது. அவர்களை யாரும் இழிவாக நடத்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே ஆவணம் உள்ளூர் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது.

சீன அரசு இன்று ஏற்றிருக்கும் இனங்கள் 56. யூதர்கள் அவற்றில் இல்லை. ஏற்றிருக்கும் சமயங்கள் ஐந்து: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் கிறித்தவம். யூத சமயம் அவற்றிலும் இல்லை. கைஃபெங்கில் சில குடும்பங்களின் பதிவேடுகளில் இனம் என்ற இடத்தில் யூதர் என்று எழுதப்பட்டிருந்தது. 1990களின் நடுவில் அது ஹான் என்றோ ஹுய் என்றோ மாற்றப்பட்டது. ஒரு சமூகத்தின் பெயர் அரசு ஏட்டிலிருந்து இப்படித்தான் நீங்கியது.

1992இல் சீனாவும் இஸ்ரேலும் தூதரக உறவு கொண்டன. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கைஃபெங் குடும்பங்களில் புதிய ஆர்வம் எழுந்தது. இளைஞர்கள் எபிரேய எழுத்துகளைக் கற்றார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்றார்கள். பாஸ்கா விருந்துக்குக் கூடினார்கள். படிப்பதற்கென்று மையங்கள் நடத்தினார்கள். பல ஆண்டுகள் அதிகாரிகள் இதைக் கண்டும் காணாமல் விட்டார்கள். சுற்றுலாவுக்கு உதவும் என்று எண்ணியவர்களும் நகர நிர்வாகத்தில் இருந்தார்கள்.

2015க்குப் பின் காற்று திசை மாறியது. சமயங்கள் சீனமயமாக வேண்டும், அயல்நாட்டு ஊடுருவலைத் தடுக்க வேண்டும் என்ற கொள்கை நாடெங்கும் இறுகியது. கைஃபெங்கில் படிப்பு மையம் மூடப்பட்டது. அதிகாரிகள் உள்ளே புகுந்து, சுவரிலிருந்த எபிரேய எழுத்துப் பலகைகளையும் தாவீதின் நட்சத்திரத்தையும் பிய்த்தெடுத்தார்கள். சடங்குக் குளியலுக்கு நீர் தந்த கிணற்றில் மண்ணும் கல்லும் கொட்டி அதைத் தூர்த்தார்கள். ஜெப ஆலயம் இருந்த இடத்தைக் காட்டும் கல் பொதுப் பார்வையிலிருந்து அகற்றப்பட்டது. பாஸ்காவுக்குக் கூடுவது தடுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த யூதப் பயணக் குழுக்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கூட்டங்களுக்கு வந்தவர்கள் விசாரிக்கப்பட்டார்கள், கண்காணிக்கப்பட்டார்கள். 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சமய விவகார விதிகள், பதிவு பெறாத இடத்தில் கூடி வழிபடுவதை மேலும் கடினமாக்கின. ஏற்கப்பட்ட சமயங்களின் பட்டியலில் இல்லாத சமயம் எங்கே போய்ப் பதிவு செய்யும்?

கிணற்றைத் தூர்ப்பது நிர்வாக நடவடிக்கை ஆகாது. தண்ணீர் எந்த அரசுக்கும் எதிராகச் சதி செய்வதில்லை. இது ஒரு சமூகத்தின் சடங்கு வாழ்வையே நிறுத்தும் செயல்.

3. சொல்லப்படும் காரணங்களும் எங்கள் பதிலும்

அயல்நாட்டுத் தலையீடு என்பது முதல் காரணம். கைஃபெங்குக்கு வெளிநாட்டு அமைப்புகள் வந்தது உண்மை. அவர்களில் யூதர்களும் இருந்தார்கள், வேறு நோக்கத்தோடு வந்த கிறித்தவர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து வரும் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் உண்டு. கணக்குக் கேளுங்கள், சட்டப்படி ஒழுங்குபடுத்துங்கள். அதைச் சாக்காக வைத்து, தன் வீட்டில் விளக்கேற்றும் பெண்ணை விசாரணைக்கு அழைப்பதை ஏற்க முடியாது.

சீனமயமாக வேண்டும் என்பது இரண்டாவது. கைஃபெங் யூதர்களைவிடச் சீனமயமானவர்கள் யார்? பெயர்கள் சீனப் பெயர்கள். பேசும் மொழி சீன மொழி. சீன முற்றங்களின் அமைப்பில் ஆலயம் கட்டினார்கள். அதற்குள் ஆபிரகாமுக்கும் மோசேக்கும் முன்னோர் முறைப்படி நறுமணப் புகை காட்டினார்கள். அரசுத் தேர்வு எழுதி அதிகாரிகளானார்கள். சீனமயமாவதற்காகத் தன் சமயத்தையே கைவிட வேண்டும் என்றால், எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலான கைஃபெங் வரலாறு அதை மறுக்கிறது.

எண்ணிக்கை போதாது என்பது மூன்றாவது. சில ஆயிரம் பேரே உள்ள லோபா மக்களையும் தத்தார் மக்களையும் சீனா தனி இனங்களாக ஏற்று மதித்திருக்கிறது. அந்த நல்ல முன்மாதிரியை இன்னும் ஒரு படி நீட்டினால் போதும்.

நாங்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1930களின் இறுதியில் நாஜிக் கொடுமைக்குத் தப்பி வந்த ஏறத்தாழ 20,000 யூதர்கள் ஷாங்காய் நகரில் அடைக்கலம் பெற்றார்கள். அந்த நினைவுக்காக ஓஹெல் மோஷே ஜெப ஆலயத்தில் அருங்காட்சியகம் நடத்தப்படுகிறது. சீனா பெருமைப்பட வேண்டிய பக்கம் அது, நாங்களும் அதைப் போற்றுகிறோம். நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் யூத ஆய்வுக்கான நிறுவனம் 1992 முதல் இயங்குகிறது. பேராசிரியர் ஷு ஷின் அதை நிறுவி, கைஃபெங் யூதர் வரலாற்றை உலகறியச் செய்தார். விருந்தாளியாக வந்த யூதருக்குக் கதவு திறந்த நாடு, வீட்டுப் பிள்ளையான யூதருக்கு அதைச் சாத்தக் கூடாது. பல்கலைக்கழகத்தில் ஆராயத் தகுந்த சமயம், வீட்டில் வாழவும் தகுந்ததே.

4. பிற கம்யூனிஸ்ட் நாடுகள் தரும் பாடம்

சோவியத் ஒன்றியம் தேர்ந்த பாதை எல்லோருக்கும் தெரியும். 1918 முதல் 1930 வரை கட்சிக்குள் இயங்கிய யூதப் பிரிவே ஜெப ஆலயங்களை மூடுவதிலும் எபிரேயக் கல்வியை ஒடுக்குவதிலும் முன்னின்றது. யூதர்கள் பேசிய இத்திய (யிடிஷ்) மொழிப் பள்ளிகளுக்கும் நாடக அரங்குகளுக்கும் முதலில் ஆதரவு கிடைத்தது. பிறகு அவையும் மூடப்பட்டன. பெரும் நாடகக் கலைஞர் சாலமன் மிகோயெல்ஸ் 1948 ஜனவரியில் மின்ஸ்க் நகரில் கொல்லப்பட்டார். யூத பாசிச எதிர்ப்புக் குழுவைச் சேர்ந்த எழுத்தாளர்கள் உள்ளிட்ட 13 பேர் 1952 ஆகஸ்ட் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் எபிரேயம் கற்பித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டவர்கள் வேலையை இழந்து, பல ஆண்டுகள் காத்துக் கிடந்தார்கள்.

இத்தனை அடக்குமுறையால் கிடைத்தது என்ன? கதவு திறந்த 1989க்குப் பின் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேறு நாடுகளுக்குப் போனவர்கள் தனி. போலந்தில் 1968இல் நடந்த யூத எதிர்ப்புப் பிரசாரம் 13,000 பேர் அளவில் நாட்டை விட்டு வெளியேற்றியது. அரசுகள் நினைத்தபடி யூதர்கள் தங்கள் அடையாளத்தை விடவில்லை. நாட்டைத்தான் விட்டுப் போனார்கள்.

வேறு பாதையும் இருந்தது. புடாபெஸ்ட் நகரில் 1877இல் தொடங்கிய ரபிகள் பயிற்சிக் கல்லூரி கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம் முழுவதும் இயங்கியது. ருமேனியாவில் தலைமை ரபி மோசஸ் ரோசன் 1948 முதல் அந்த ஆட்சி முடியும்வரை பொறுப்பில் இருந்து ஆலயங்களைக் காத்தார். கியூபா 1992இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி நாத்திக அரசு என்ற நிலையிலிருந்து மதச்சார்பற்ற அரசு என்ற நிலைக்கு வந்தது. ஹவானாவின் பழைய நகரில் யூத உணவு விதியான கோஷர் முறைப்படி இறைச்சி விற்கும் கடைக்கு, ரேஷன் முறைக்குள்ளேயே இடம் கொடுத்திருந்தது. யூதர்கள் தோரா படித்ததால் இவற்றில் எந்த அரசும் கவிழவில்லை. பெய்ஜிங் இந்த இரண்டாம் பாதையைத் தேர வேண்டும்.

5. நாங்கள் பேசுவது ஏன்

கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சி யூதர்கள் அதை உயிரெனக் காத்தார்கள். கைஃபெங் கல்லும் கொச்சிச் செப்பேடும் சொல்வது ஒன்றே: கடல் கடந்தும் மலை கடந்தும் வந்த ஒரு சிறு சமயத்துக்கு ஆட்சியாளர் வாக்குக் கொடுத்தார். சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பினார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கு கிடைத்திருக்கிறது. அந்தக் கல்லைச் சீனர்கள் காத்து வைத்திருப்பதால்தான் அந்த வணிகர்களை நாம் அறிகிறோம். கைஃபெங்கின் கற்களுக்காகப் பேசும் கடமை அதனால் எங்களுக்கு இருக்கிறது.

உய்குர்கள், திபெத்தியர்கள், ஹுய் முஸ்லிம்கள், பதிவு பெறாத கிறித்தவச் சபையினர் ஆகியோர் படும் துயரம் இதைவிடப் பல மடங்கு பெரிது என்பதை நாங்கள் அறிவோம். அவர்களின் குரலுக்கு மாற்றாக இதை வைக்கவில்லை, அதனோடு சேர்த்து வைக்கிறோம்.

இஸ்ரேல் அரசின் கொள்கைகளையும் போர்களையும் பற்றி எங்களிடையே பல கருத்துகள் உண்டு. பாலஸ்தீன மக்களின் துயரம் எங்களில் பலரை உறுத்துகிறது. கைஃபெங்கில் பாஸ்கா கொண்டாட விரும்பும் ஒரு குடும்பம் அதற்கெல்லாம் பொறுப்பாக முடியாது. ஓர் அரசின் செயலுக்காக எந்த நாட்டிலும் எந்த யூதரையும் தண்டிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

6. கோரிக்கைகள்

அ. சீன மக்கள் குடியரசின் அரசிடம்

1) யூத சமயத்தைச் சட்டப்படியான சமயமாக ஏற்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்குமானால், யூத சமயத்தைப் பின்பற்றுவது குற்றமல்ல என்றும், அரசியல் சட்டத்தின் 36ஆவது பிரிவு தரும் சமய நம்பிக்கை உரிமை இவர்களுக்கும் பொருந்தும் என்றும் உள்ளூர் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் ஆணை அனுப்ப வேண்டும்.

2) வெளிநாட்டு யூதர்கள் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் கூடி வழிபடுவதைப் போலவே, சீனக் குடிமக்களான யூதர்களும் கூடி வழிபட அனுமதிக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு உள்ள உரிமை குடிமக்களுக்கு இல்லை என்ற நிலை நீடிக்கக் கூடாது.

3) 1953ஆம் ஆண்டு முடிவை, வரலாற்றாசிரியர்களும் கைஃபெங் குடும்பங்களின் பேராளர்களும் இடம்பெறும் குழுவைக் கொண்டு மறு ஆய்வு செய்ய வேண்டும். அதுவரை, விரும்புகிறவர்கள் குடும்பப் பதிவேட்டில் தங்கள் யூத வழியைக் குறிக்க இடம் தர வேண்டும். யாரையும் இழிவாக நடத்தக் கூடாது என்ற 1953 ஆவணத்தின் அறிவுரையை இன்றே செயல்படுத்த வேண்டும்.

4) அரசியல் சட்டத்தின் 4ஆவது பிரிவு எல்லா இனங்களுக்கும் சமத்துவத்தையும், தம் மொழியையும் வழக்கங்களையும் பேணும் உரிமையையும் உறுதி செய்கிறது. எபிரேயம் கற்பதும் கற்பிப்பதும் அந்த உரிமையில் அடங்கும் என்று தெளிவுபடுத்த வேண்டும்.

5) 1992இல் சீனா ஏற்புறுதி செய்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவின்படி, சிறுபான்மைக் குழந்தைகள் தம் பண்பாட்டையும் சமயத்தையும் தம் சமூகத்தோடு சேர்ந்து கைக்கொள்ளத் தடை கூடாது. பெற்றோர் பிள்ளைகளுக்குத் தோராவையும் பண்டிகைக் கதைகளையும் கற்பிப்பதில் அரசு தலையிடக் கூடாது.

6) 1998இல் கையொப்பமிட்டு இன்னும் ஏற்புறுதி செய்யாமல் இருக்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்புறுதி செய்ய வேண்டும். சிறுபான்மையினர் உரிமையைச் சொல்லும் அதன் 27ஆவது பிரிவுக்கேற்ப சமய விவகார விதிகளைத் திருத்த வேண்டும்.

ஆ. ஹெனான் மாகாணத்திடமும் கைஃபெங் நகரத்திடமும்

7) மூடப்பட்ட படிப்பு மையம் திறக்கப்பட வேண்டும். அகற்றிய பலகைகளும் நூல்களும் பொருள்களும் உரியவர்களிடம் திருப்பித் தரப்பட வேண்டும்.

8) தூர்க்கப்பட்ட கிணறு நகரத்தின் செலவில் மீண்டும் தோண்டப்பட வேண்டும்.

9) வீடுகளில் ஓய்வுநாள் விருந்து, பாஸ்கா, கூடாரப் பண்டிகை ஆகியவற்றுக்குக் கூடுவோரை அச்சுறுத்துவதும் விசாரணைக்கு அழைப்பதும் கண்காணிப்பதும் நிற்க வேண்டும். பங்கேற்றதற்காக எவருடைய வேலையோ வாடகை வீடோ பிள்ளைகளின் பள்ளியிடமோ பாதிக்கப்படக் கூடாது.

10) ஜெப ஆலயம் நின்ற நிலத்தில் இன்று மருத்துவமனை வளாகம் இருக்கிறது. நோயாளிகளின் இடத்தை நாங்கள் கேட்கவில்லை. அங்கே 1163 முதல் ஒரு ஆலயம் இருந்தது என்பதைச் சீனத்திலும் எபிரேயத்திலும் சொல்லும் கல் ஒன்றைத் தெருவோரத்தில் நிறுத்தினால் போதும். அகற்றிய கல் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

11) 1489, 1512ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை, விளக்கத்தோடு பொதுமக்கள் பார்க்கும்படி காட்சிக்கு வைக்க வேண்டும். ஆய்வாளர்களும் பயணிகளும் அவற்றைப் பார்க்கத் தடை கூடாது. கைஃபெங் பள்ளிகளின் உள்ளூர் வரலாற்றுப் பாடத்திலும் அவை இடம்பெற வேண்டும்.

12) கோஷர் முறை உணவுக்கும், தம் முறைப்படி மணமும் அடக்கமும் செய்வதற்கும் இடையூறு செய்யக் கூடாது.

இ. நூலகங்களிடமும் அருங்காட்சியகங்களிடமும்

13) பிரித்தானிய நூலகம், எபிரேய யூனியன் கல்லூரி நூலகம், டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் உள்ளிட்ட நிறுவனங்கள் தம்மிடமுள்ள கைஃபெங் சுருள்கள், வழிபாட்டு நூல்கள், ஆலயப் பொருள்கள் அனைத்தையும் தெளிவான மின்னுருவில் யாவரும் இலவசமாகக் காணும்படி வெளியிட வேண்டும். சீன மொழியில் விளக்கம் சேர்க்க வேண்டும். அச்சிட்ட முழுப் படிகளைக் கைஃபெங் குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டும். வறுமை சூழ்ந்த நேரத்தில் கைமாறியவை இவை என்பதை மனத்தில் கொண்டு, பாதுகாப்பாக வழிபட முடியும் நாளில் ஒரு சுருளாவது அவர்களின் ஊருக்குத் திரும்ப வழி காண வேண்டும்.

ஈ. இஸ்ரேல் அரசிடமும் உலக யூத அமைப்புகளிடமும்

14) யூத மரபு தாய்வழியில் வருகிறது என்பது ரபிகளின் நெறி. கைஃபெங்கில் அது தந்தைவழியில் வந்தது. அதனால் இஸ்ரேலுக்குக் குடியேறிய இளைஞர்கள் முறைப்படி மதம் மாறும் சடங்குக்கு உட்பட வேண்டியிருந்தது. சமய நெறியில் நாங்கள் தலையிடவில்லை. நூற்றாண்டுகளாகத் தனித்து நின்று அடையாளத்தைக் காத்தவர்களை, ஐயத்தோடு அல்லாமல் மரியாதையோடு வரவேற்கும் முறையை வகுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

15) குடிபெயர்வது ஒன்றே வழி என்ற எண்ணத்தை விதைக்கக் கூடாது. போக விரும்புவோருக்குப் போகும் உரிமையும், கைஃபெங்கிலேயே யூதராக வாழ விரும்புவோருக்கு அந்த உரிமையும் சமமாக மதிக்கப்பட வேண்டும். அவர்கள் பெயரால் பணம் திரட்டுவோர் கணக்கை வெளிப்படையாக வைக்க வேண்டும். விளம்பரத்துக்காக அவர்களின் முகங்களையும் பெயர்களையும் வெளியிட்டு ஆபத்தில் தள்ளக் கூடாது.

உ. இந்திய அரசிடமும் ஐக்கிய நாடுகள் அவையிடமும்

16) சீனாவுடனான பண்பாட்டுப் பேச்சுகளில், கைஃபெங் கல்வெட்டுகளையும் கொச்சிச் செப்பேடுகளையும் ஒருங்கே காட்டும் கண்காட்சியை இந்தியா முன்மொழிய வேண்டும். 1489ஆம் ஆண்டுக் கல்வெட்டே அந்த யூதர்களின் வழியை இந்தியாவோடு தொடர்புபடுத்திப் பேசுகிறது.

17) சமய சுதந்திரத்துக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரைக் கைஃபெங் சென்று பார்க்கச் சீனா அழைக்குமாறு வலியுறுத்த வேண்டும். இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையில் 1981 முதல் சீனா உறுப்பு நாடு. அதன் கீழ் நடக்கும் மீளாய்வுகளில் கைஃபெங் யூதர்களின் நிலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

7. எங்கள் உறுதிமொழி

இந்தச் சாசனத்தில் கையொப்பமிடும் தமிழ் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் வாசகர்களும் பின்வருமாறு உறுதி கூறுகிறோம்.

கைஃபெங் யூதர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோம், வகுப்பறைகளில் சொல்வோம். சீன மக்கள் மீது வெறுப்பை வளர்க்க இந்தக் கோரிக்கையை யாரும் பயன்படுத்த விடமாட்டோம். கைஃபெங்கின் கற்களை நட்டவர்களும் படித்துக் காத்தவர்களும் சீனர்களே என்பதை மறக்க மாட்டோம். யூத வெறுப்பு எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் எதிர்ப்போம். கைஃபெங்கில் வாழும் எவருடைய பெயரையும் அவர் இசைவின்றி வெளியிட மாட்டோம். நம் சொந்த ஊரில் சிறு சமயங்களும் சிறு மொழிகளும் நெருக்கப்படும்போதும் இதே அளவுகோலை நம் மீதே வைத்துக்கொள்வோம்.

முன்னோரின் வழக்கத்தைக் காத்து இந்த ஊரிலேயே கையளியுங்கள் என்ற வாக்கைக் கைஃபெங் யூதர்கள் தம் பங்குக்குக் காப்பாற்றிவிட்டார்கள். வெள்ளத்திலும் வறுமையிலும் ரபி இல்லாத தலைமுறைகளிலும் காப்பாற்றினார்கள். அரசு தன் பங்கைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இது. மேலே உள்ள கோரிக்கைகளில் ஏழாவதும் எட்டாவதும் ஒன்பதாவதும் புதிய சட்டம் எதையும் கேட்பவை அல்ல. ஒரு நகர அதிகாரியின் ஓர் ஆணை போதும். அவற்றை இந்த ஆண்டே நிறைவேற்றுங்கள். மற்றவற்றைப் பேச நாங்கள் காத்திருக்கிறோம், கேட்பதை நிறுத்த மாட்டோம்.